நானுஓயாவின் ஓயா

கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறும் ரயில் பாதையில், நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இறங்கும் நிலையம் நானுஓயா. ஆங்கிலேயர் போட்ட இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டில் இந்த இடத்தை எட்டியது. நுவரெலியா நகரம் இங்கிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். நிலையத்தின் பெயர்ப்பலகை சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று எழுத்திலும் ஒரே பெயரைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயரின் பின்பாதிக்கு எல்லோருக்கும் ஒரே பொருள் இல்லை. சிங்களம் தெரிந்தவருக்கு ‘ஓயா’ ஓர் ஆறு. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அது ஓய்ந்துபோகாத ஏதோ ஒன்று.

இரண்டே எழுத்துள்ள இந்தச் சொல்லின் கதை இலங்கையோடு முடிவதில்லை. ஜப்பானில் இதே ஒலி தாய் தகப்பனைக் குறிக்கிறது. துருக்கியில் முக்காட்டுத் துணியின் ஓரத்துப் பின்னல். மேற்கு ஆப்பிரிக்காவில் புயற்காற்றை ஆளும் தெய்வம். தென் அமெரிக்காவின் அடுப்படியில் அது பானை. ஒரு சின்ன ஒலி இத்தனை ஊர்களில் இத்தனை பொருள்களோடு இருப்பது எப்படி என்பதைப் பார்க்க, நானுஓயாவைவிட நல்ல தொடக்க இடம் கிடைப்பது அரிது. ஏனென்றால் இங்கே இரண்டு பொருள்களும் ஒரே பலகையில் இருக்கின்றன.

சிங்களத்தில் நீரோட்டங்களுக்கு அளவுக்கு ஏற்ற பெயர்கள் உண்டு. வாய்க்காலும் சிற்றோடையும் ‘எல’. அதற்கு மேற்பட்டது ‘ஓயா’. பேராறு ‘கங்க’, தமிழில் கங்கை. மலைநாட்டு வரைபடத்தை விரித்தால் ஓயாக்கள் வேர்போலப் பரவிக் கிடக்கும்: கொத்மலை ஓயா, ஆக்ரா ஓயா, உமா ஓயா, பெலிகுல் ஓயா. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை உண்டாகிறது. அட்டனுக்குப் பக்கத்து டிக்கோயாவின் பெயரில் ஓயா ஒளிந்திருக்கிறது. ‘திக்’ என்றால் நீளம், டிக்கோயா நீண்ட ஆறு. இந்த அளவுகோல் கண்டிப்பானதும் அல்ல. மல்வத்து ஓயாவின் நீளம் 164 கிலோமீட்டர். கங்கை என்று பெயர்பெற்ற களனியோ 145 கிலோமீட்டர்தான்.

தமிழர் வாழும் பக்கத்தை எட்டும்போது அதே ஓயாக்களுக்குத் தமிழ்ப் பெயர் வந்துவிடுகிறது. அநுராதபுரத்தின் மல்வத்து ஓயா மன்னாரை நெருங்கும்போது அருவி ஆறு. 1949ஆம் ஆண்டு தொடங்கிய குடியேற்றத் திட்டத்தால் நாடறிந்த கல்லோயா, கிழக்கின் தமிழரிடம் பட்டிப்பளை ஆறு. மலையகத்தில் மட்டும் அப்படி நடக்கவில்லை. தோட்டங்களுக்கு வந்த தமிழர் ஓயாவை ஓயா என்றே எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்க்காமல் வைத்துக்கொண்டதால்தான் சொல் அப்படியே பிழைத்திருக்கிறது.

முன்பாதியான ‘நானு’வும் நீரோடு சேர்ந்ததே. சிங்களத்தில் ‘நானவா’ என்றால் குளிப்பது. தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் மூலிகைச் சாந்துக்கு ‘நானு’ என்று பெயர். கண்டி தலதா மாளிகையில் புதன்கிழமைகளில் நடக்கும் ‘நானுமுற’ என்ற நீராட்டுச் சடங்கின் பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறது. மலைக்குளிரில் ஓர் ஓடைக்குக் குளியலின் பெயர் வாய்த்திருப்பதை நானுஓயாவின் மார்கழிக் காலையை அறிந்தவர்கள் சற்று வியப்போடுதான் கேட்பார்கள்.

சிங்கள உச்சரிப்பில் இந்தச் சொல்லின் முதல் எழுத்து குறில், கடைசி எழுத்தும் குறில். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் தமிழில் ‘ஒய’ என்றுதான் வரும். ஆனால் குறில் அகரத்தில் முடியும் பெயர்ச்சொல் தமிழ் வாய்க்குப் பழக்கமில்லை. அதனால் அப்படி முடியும் சிங்கள ஊர்ப்பெயர்கள் தமிழுக்குள் வரும்போது ஐகாரத்தையோ ஆகாரத்தையோ தேடிக்கொள்கின்றன. பதுல்ல பதுளையானது.  நுவர எலிய நுவரெலியாவானது. ஒய, ஓயாவானது. முன்னெழுத்தும் நீண்டதற்கு, குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வட்டத்தை எழுதும் ஆங்கிலமும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்த இரண்டு நீட்டங்களும் நேர்ந்த நொடியில், தமிழில் ஏற்கெனவே இருந்த ஒரு சொல்லின் மேல் சிங்களச் சொல் போய் உட்கார்ந்துவிட்டது.

தமிழின் ஓயா, ‘ஓய்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. மழை ஓய்கிறது, சண்டை ஓய்கிறது, நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கை ஓய்கிறது. ஓய்வும் ஓய்வூதியமும் ‘ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாமல்’ என்ற பேச்சுவழக்கும் இதன் பிள்ளைகள். இந்த வினையோடு ‘ஆ’ என்ற ஓர் எழுத்து சேர்ந்தால் பொருள் தலைகீழாகிறது. இல்லை, மாட்டாது, அல்ல என்று எதுவும் வேண்டாம்; அந்த ஒரே ஆகாரம் மறுப்பைச் சுமந்துகொள்கிறது. ஓயாத மழையிலிருந்து கடைசித் தகரம் கழன்று ‘ஓயா மழை’ ஆவதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று இலக்கணம் சொல்லும். வாடா மலர், செல்லாக் காசு, தீராப் பகை எல்லாம் அந்தக் குடும்பம். ‘அலைகள் ஓயா’ என்று சொன்னால் அதே சொல் பலவற்றைக் குறிக்கும் வினைமுற்றாகி, வாக்கியத்தைத் தானே முடித்துவைக்கும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாகப் போன இந்த இலக்கணம், உண்மையில் தமிழின் சிக்கனத்துக்கு ஒரு நல்ல சாட்சி.

திருச்சியில் காவிரிக்கரையில் ஓயாமாரி என்று ஒரு சுடுகாடு இருக்கிறது. மலையகத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்த சீமைகளில் திருச்சியும் ஒன்று. மாரி என்றால் மழை, மாரி என்றால் அம்மன். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் கட்டிக்கொண்ட மக்களுக்கு, மாதக்கணக்கில் பெய்யும் தென்மேற்குப் பருவமழைக்கு நடுவில் ‘ஓயா’ என்று பெயருள்ள ஊர் அந்நியமாக ஒலித்திருக்காது. ஓடைக்கு ஓய்வு கிடையாது என்பதால் இரண்டு பொருளும் ஒன்றோடொன்று பொருந்தியும் போகின்றன. ஆனால் இந்தப் பொருத்தம் தற்செயல். சிங்களம் இந்தோ–ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓய் என்பது திராவிட வினை. இரண்டு சொற்களுக்கும் பிறப்பால் உறவு இல்லை.

சிங்களத்துக்குள்ளேயே ஓயா ஒன்றல்ல என்பதுதான் இன்னும் சுவையானது. ஆற்றைக் குறிக்கும் அதே ஒலி, ‘உன் பக்கத்தில் இருக்கும் அந்த’ என்று சுட்டவும் பயன்படுகிறது. சிங்களத்தில் சுட்டு நான்கு. பேசுகிறவர் அருகில் இருப்பது ‘மே’. கேட்கிறவர் அருகில் இருப்பது ‘ஒய’. இருவருக்கும் எட்ட, கண்ணுக்குத் தெரிவது ‘அர’. முன்பே பேச்சில் வந்தது, கண்ணெதிரே இல்லாதது ‘ஏ’. தமிழ்நாட்டுப் பேச்சிலும் மலையகப் பேச்சிலும் இன்று இது, அது என்று இரண்டே இருப்பதால் நான்கு சுட்டு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் தொல்காப்பியம் சொல்லும் சுட்டெழுத்துகள் மூன்று: அ, இ, உ. மூன்றாவதான உகரம் தமிழ்நாட்டில் வழக்கொழிந்தாலும் யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘உதென்ன?’ என்று யாழ்ப்பாணத்தவர் கேட்டால், கேட்கப்படுகிறவரின் கையிலோ பக்கத்திலோ உள்ள பொருளைக் கேட்கிறார் என்று அர்த்தம். சிங்களத்தின் ‘ஒய’ செய்யும் வேலையை அங்கே ‘உந்த’ செய்கிறது. ஒலியில் ஒட்டாத இரண்டு சொற்கள் பொருளில் இவ்வளவு நெருங்கி நிற்பது, ஒலி ஒன்றான சொற்களைவிடக் கவனிக்கத் தக்கது.

இந்தச் சுட்டோடு உறவுடையதே ‘ஒயா’ என்ற சிங்கள முன்னிலைச் சொல். கடைசி எழுத்தை நீட்டினால் ‘உன் பக்கத்து அது’ என்பது ‘நீ’ ஆகிவிடுகிறது. நண்பர்களும் கணவன் மனைவியும் பெற்றோரும் பிள்ளைகளும் அன்பாக அழைத்துக்கொள்ளும் சொல் இது. மரியாதை குறைந்ததும் அல்ல, மேடைப் பேச்சின் விறைப்பும் இதில் இல்லை. தமிழில் அந்த ஊரின் பெயரை எழுதும் விதம் ஆற்றைக் குறிக்கும் சிங்களச் சொல்லைவிட இந்த ‘ஒயா’வுக்குத்தான் அருகில் வருகிறது. முன்பாதியையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். பேச்சுத் தமிழில் ‘நானு’ என்றால் நான். கன்னடத்திலும் அதே சொல், அதே பொருள். பேச்சுச் சிங்களத்தில் ‘ஒயா’ என்றால் நீ. ஊரின் பெயரைத் தமிழில் ஒரு பாதியும் சிங்களத்தில் ஒரு பாதியுமாகக் கேட்டால் ‘நான்–நீ’ என்று வருகிறது. அந்தப் பெயரை வைத்தவர் யாரும் இதை நினைத்திருக்க வழியில்லை. ஆயினும் இரண்டு மொழியும் பேசும் மக்கள் ஒரே மேடையில் ரயிலுக்குக் காத்திருக்கும் நிலையத்துக்கு இப்படி ஒரு பெயர் அமைந்திருப்பது அழகுதான்.

இலங்கையை விட்டு வெளியே போனால் முதலில் எதிர்ப்படுவது ஓர் ஆச்சரியம். ஐரோப்பாவின் வடக்கே, பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்தோனிய மொழியில் ‘ஒயா’ என்றால் ஓடை. சிங்களத்தின் அதே பொருள். பக்கத்து ஃபின்னிய மொழியில் அதே சொல் வயலோரத்து நீர்வடிகாலைக் குறிக்கிறது. ஃபின்னியமும் எஸ்தோனியமும் யூராலிக் என்ற தனிக் குடும்பத்து மொழிகள். சிங்களத்தோடும் அவற்றுக்கு ஒட்டில்லை, தமிழோடும் இல்லை. மலேசியாவின் சரவாக்கில், மெலனாவ் மக்கள் வாழும் கடலோரத்தில், ஓர் ஆற்றுக்கே ஓயா என்று பெயர். கரையில் அதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது.

ஆப்பிரிக்காவிலும் ஓயா ஓர் ஆறு. நைஜீரியாவின் யொரூபா மக்கள், 4,180 கிலோமீட்டர் நீளமுள்ள நைஜர் பேராற்றை ‘ஓயாவின் ஆறு’ என்று அழைக்கிறார்கள். அங்கே ஓயா ஒரு பெண் தெய்வம். காற்றும் புயலும் மின்னலும் அவள் வசம். இடியின் தெய்வமான ஷாங்கோவின் மனைவி அவள்; அவன் மறைந்த துயரத்தில் அவளே நைஜர் ஆறாகிவிட்டாள் என்று அவர்களின் கதை சொல்கிறது. அட்லாண்டிக் அடிமை வாணிபத்தில் கப்பலேற்றப்பட்ட யொரூபா மக்கள் கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் கொண்டுபோனவற்றில் கடைசிவரை பறிக்க முடியாமல் போனவை இப்படிப்பட்ட தெய்வங்கள்தாம். பிரேசிலில் அவளுக்கு இயன்சா என்று இன்னொரு பெயர். கத்தோலிக்கப் புனிதையான பார்பராவின் உருவுக்குப் பின்னால் நின்று அவள் வழிபாடு பெற்றாள். டிசம்பர் 4ஆம் நாள் சால்வடோர் நகரில் அந்தத் திருவிழா இன்றும் நடக்கிறது. கியூபாவில் மயானத்தின் வாசலைக் காப்பவள் அவள். தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலைக்கு வந்தவர்கள் மாரியையும் முனியாண்டியையும் நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்த வரலாற்றை அறிந்த மலையக மக்களுக்கு இந்தப் பயணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யொரூபா, சுரம் ஏறி இறங்கினால் பொருள் மாறும் மொழி. எழுத்தில் ஒன்றுபோல் தோன்றும் சொல்லைத் தொண்டையின் ஏற்ற இறக்கம் பிரித்துக் காட்டும். அதனால் தெய்வத்தின் பெயரோடு குழப்பமில்லாமல் ‘ஓ யா’ என்று இன்னொரு சொல் அங்கே புழங்குகிறது: நேரமாச்சு, ஆகட்டும் என்பது போன்ற சொல். நைஜீரியா முழுக்கப் பேசப்படும் கலப்பு ஆங்கிலத்தில் அது ‘ம், கிளம்பு!’ என்று அவசரப்படுத்தும் சொல்லாகிவிட்டது. அட்டன் பஸ் நிலையத்தில் ‘நானுஓயா, நானுஓயா’ என்று கூவினால் அது போகும் ஊர். லாகோஸ் பஸ் நிலையத்தில் ‘ஓயா, ஓயா’ என்றால் ஏறு, வண்டி புறப்படுகிறது.

ஜப்பானிய மொழியில் ‘ஒயா’ என்றால் பெற்றவர். தாயும் அதுவே, தந்தையும் அதுவே. அதோடு பிள்ளையைக் குறிக்கும் ‘கோ’ சேர்ந்து ‘ஒயாகோ’ ஆனால் பெற்றோரும் பிள்ளையும். சோற்றின் மேல் கோழி இறைச்சியும் முட்டையும் இட்டுத் தரும் உணவுக்கு அங்கே ‘ஒயாகோதொன்’ என்று பெயர். தாயும் பிள்ளையும் ஒரே கிண்ணத்தில். கட்டைவிரல், விரல்களுக்குள் ‘ஒயா’ விரல். சுமோ மல்லர்களைப் பயிற்றும் ஆசான் ‘ஒயாகத்தா’. முதல் எழுத்தை நீட்டி ‘ஓயா’ என்றால் மட்டும் பெற்றவர் போய் வாடகை வீட்டுக்காரர் வந்துவிடுவார். குறிலும் நெடிலும் பொருளைப் பிரிக்கும் என்பது தமிழருக்குத் தெரிந்த பாடம். கொடு வேறு, கோடு வேறு. அந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் இன்றுள்ளபடி தெளிவாகக் காட்டியதில் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவருக்குப் பங்கு உண்டு என்பது மரபு.

ஜப்பானுக்கு வடக்கேயிருந்து குளிர்ந்த கடல்நீரோட்டம் ஒன்று இறங்கி வருகிறது. மீன்களுக்கு ஊட்டம் சுமந்து வருவதால் அதற்குப் ‘பெற்றவளான நீரோட்டம்’ என்ற பொருளில் ஒயாஷியோ என்று பெயரிட்டிருக்கிறார்கள். தெற்கேயிருந்து வரும் வெந்நீரோட்டமான குரோஷியோவை அது ஜப்பானின் கிழக்கே சந்திக்கும் கடற்பகுதி உலகின் வளமான மீன்பிடிக் களங்களில் ஒன்று.

இதுவரை வந்தவற்றை வரிசையாக வைத்தால் மனம் உடனே ஒரு முடிவுக்குத் தாவும். சிங்களத்தில் ஆறு, எஸ்தோனியத்தில் ஓடை, ஃபின்னியத்தில் வடிகால், சரவாக்கில் ஆறு, நைஜீரியாவில் பேராறு, ஜப்பானில் கடல்நீரோட்டம், தமிழில் ஓயாமல் ஓடுவது. ஆதி மனிதன் நீருக்கு வைத்த பெயரே ஓயா, அதுவே எல்லா மொழியிலும் சிதறிக் கிடக்கிறது என்று ஒரு நூலே எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்ட நூல்களுக்குத் தமிழில் குறைவும் இல்லை. ஆனால் அந்த வாதம் நிற்காது. ஒத்துவந்ததை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒத்துவராததை விட்டுவிடுவதால் கிடைத்த பட்டியல் இது. ஜப்பானிய நீரோட்டத்தின் பெயரில் நீரைக் குறிப்பது ஒயா அல்ல, ஷியோ. யொரூபாவில் ஆற்றுக்கான சொல் ‘ஓதோ’. ஓயா தெய்வத்தின் பெயர்.

விட்டுப்போனவற்றையும் பார்த்தால்தான் நியாயம். துருக்கியில் ஓயா என்பது பெண்களின் முக்காட்டு ஓரத்தில் ஊசியாலும் கொக்கியாலும் மணிகளாலும் பின்னும் நுண்ணிய பூவேலை. வாய்விட்டுச் சொல்ல முடியாததை அனதோலியக் கிராமத்துப் பெண்கள் அந்தப் பின்னலில் சொன்னார்கள் என்பது அங்கே பரவலாக அறியப்பட்டது. மிளகாய் வடிவப் பின்னலை ஒரு மருமகள் அணிந்தால், புருஷனோடு மனத்தாங்கல் என்று வீடே புரிந்துகொள்ளும். பெண் குழந்தைக்கு ஓயா என்று பெயர் வைப்பதும் துருக்கியில் வழக்கம். இதில் நீரும் இல்லை, ஆறும் இல்லை.

ஸ்பானிய மொழியில் இரண்டு ஓயாக்கள். ஒன்று சமையல் பானை. மற்றொன்று பள்ளம் அல்லது மலைகளுக்கு நடுவே உள்ள வடிநிலம். ஈக்வடோரில் ஆண்டிஸ் மலைத்தொடர்களுக்கு இடைப்பட்ட சமவெளிகளை இந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். எழுத்தில் இவை வேறு வேறு. பானை லத்தீனின் ‘ஒல்லா’விலிருந்தும், பள்ளம் ‘ஃபோவேயா’விலிருந்தும் வந்தவை. லத்தீனில் ஒன்றையொன்று நெருங்காத இந்தச் சொற்கள் நூற்றாண்டுகளாகத் தேய்ந்தன. ஒன்றில் லகரம் யகரமாகக் கரைந்தது. மற்றொன்றில் முதல் மெய் ஹகரமாகிப் பிறகு ஒலியே இல்லாமல் போனது. இன்று லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் இரண்டையும் காது பிரிக்காது. தமிழிலும் இதே தேய்மானம் கண்ணெதிரே நடக்கிறது. ழகரத்தை ளகரமாக உச்சரிக்கும் ஊர்களில் விழியும் விளியும் ஒன்றாகிவிட்டன. எழுத்து மட்டும் பழைய எல்லையைக் காத்து நிற்கிறது.

ஆக, ஒரே ஒலியில் பல பொருள் சேர்வதற்கு முதல் காரணம் எளிய கணக்கு. உலகில் இன்று ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. ஒகரமும் அகரமும் யகரமும் மிகப் பெரும்பாலான மொழிகளில் உள்ள ஒலிகள். உயிர், மெய், உயிர் என்ற அமைப்பு குழந்தைக்கும் வாயில் வரும். தமிழின் 12 உயிரையும் 18 மெய்யையும் வைத்து இந்த அமைப்பில் எத்தனை சொல் ஆக்கலாம் என்று பெருக்கினால் 2,592 வருகிறது. அவற்றிலும் பல தமிழில் வராதவை. ஒவ்வொரு மொழியும் பல ஆயிரம் பொருள்களுக்குப் பெயர் வைக்க வேண்டியிருக்க, குட்டிச் சொற்களின் கையிருப்பு இவ்வளவுதான். ஆகவே எந்த எளிய ஒலிக்கோவையும் ஏதாவது ஒரு மொழியில் ஏதாவது ஒன்றைக் குறிக்காமல் இருந்தால்தான் வியப்பு. நீர் போன்ற அன்றாடப் பொருளில் இரண்டு மொழிகள் மோதிக்கொள்வதும் இந்தக் கணக்குக்குள் அடங்கியதே. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பாபரம் என்ற பழங்குடி மொழியைப் பதிவு செய்த டிக்சன் என்ற மொழியியலாளர், அதில் நாய்க்கான சொல் ‘டாக்’ என்று இருப்பதைக் கண்டார். ஆங்கிலத்திலிருந்து வந்த கடனா என்று சோதித்துப் பார்த்தபோது, அது அந்த மொழியின் சொந்தச் சொல்லே என்று உறுதியானது.

உறவு வேறு, ஒற்றுமை வேறு. இரண்டு மொழிகள் உடன்பிறந்தவை என்று காட்ட ஒரு சொல்லின் சாயல் போதாது; மாற்றம் ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரவேண்டும். தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு. பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. சொல்லின் முதலில் பகரம் இருந்த இடத்தில் ஹகரம். 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் தென்னிந்திய மொழிகளைத் தனிக்குடும்பமாக நிறுவியபோது சாய்ந்து நின்ற தூண் இந்த வகை ஒழுங்குதான். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று நூற்றுக்கணக்கான சொற்களைக் காட்டி நெடுங்காலம் வாதாடினார். அவருடைய உழைப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் அந்த முடிவைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. தமிழின் பெருமைக்கு அந்த உறவு தேவையுமில்லை.

உண்மையாகவே ஊர் ஊராகப் பயணம் செய்த குட்டிச் சொல்லும் நானுஓயாவில் உண்டு. ரயிலிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரிவது அதுதான்: தே. தென்சீனத்தின் ஃபூஜியன் கரையில் ‘தே’ என்று சொல்லப்பட்டதை டச்சு வணிகர் கப்பலேற்றினார்கள். அதுவே தமிழில் இலையோடு சேர்ந்து தேயிலை, சிங்களத்தில் ‘தே’, ஆங்கிலத்தில் ‘டீ’. தரைவழியே போன இன்னொரு சீன உச்சரிப்பு இந்தியில் ‘சாய்’ ஆயிற்று. இங்கே ஒலியும் பொருளும் சேர்ந்தே பயணம் செய்திருக்கின்றன. வழியும் வணிகரும் தெரியும். ஓயாக்களின் நிலை இதற்கு நேர்மாறு. அவை ஒரே ஊரிலிருந்து கிளம்பியவை அல்ல, ஒவ்வொன்றும் தன் ஊரிலேயே பிறந்தவை. இன்னொன்றும் இருக்கிறது. தமிழில் ‘தே’ தேயிலைக்கு முன்பே இருந்த சொல். ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று கணக்கிட்ட நன்னூலின் வரிசையில் அதுவும் ஒன்று, பொருள் தெய்வம்.

பொருள் மாறுவதற்கு மொழி மாறவேண்டும் என்பதும் இல்லை. மேடையில் பாடகருக்கு லயம் தாளத்தின் ஒழுங்கு. தோட்டத்தில் லயம் ஆங்கிலத்தின் ‘லைன்’ திரிந்து வந்த வரிசை வீடு. ஊரில் பேர் என்றால் பெயர். தோட்டத்தில் பேர் ஒரு நாள் கூலி, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். ஆளின் பெயரைப் பதிவதே அன்றைய சம்பளம் என்றானதால் வந்த பொருள் இது. இப்படிப்பட்ட மலையகச் சொற்கள் பெரிய அகராதிகளில் இன்னும் உரிய இடம் பெறாமல் இருப்பது குறை. அவற்றைத் தொகுக்கும் வேலை, அவற்றைப் பேசும் மூத்தவர்கள் இருக்கும்போதே நடக்கவேண்டும்.

நிலையத்துக்குப் பெயர் தந்த நானுஓயா கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலியில் கலக்கிறது. 335 கிலோமீட்டர் நீளமுள்ள மகாவலி கங்கை வடகிழக்கே திரும்பி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. அதன் ஒரு கிளை பிரிந்து தமிழ் ஊர்களின் வழியே போகிறது. மலையில் ஓயா என்றும் சமவெளியில் கங்கை என்றும் பெயர் பெற்ற அந்தத் தண்ணீருக்கு அங்கே வெருகல் ஆறு என்று பெயர்.